புது டேப்லெட் வந்ததும் கருத்துச் சொல்கிறவர்களுக்கு, ஓர் அம்மாவின் திறந்த மடல்

தமிழில் மொபைலும் டேப்லெட்டும் விமர்சனம் செய்துவரும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம்.

நீங்கள் போடும் விமர்சனங்களை ஒன்று விடாமல் பார்க்கிறவள் நான். புது டேப்லெட் ஒன்று அறிவிக்கப்பட்டால், அன்றிரவு அடுப்படி வேலை முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அதில் படம் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் டேப்லெட் என்பது என் மகனுடைய வாய்.

அவனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். காது நன்றாகக் கேட்கும், புத்தி படு கூர்மை. நாக்கும் உதடும்தான் அவன் சொன்னபடி கேட்காது. கைகளில் வலது கை ஓரளவு வரும். அதிலும் விரல் நீளாது. மடங்கிய விரலின் முட்டியால்தான் திரையைத் தொடுவான். 2003இல் பிறந்தவன். ஒன்பது வயதுவரை அவன் குரல் என்று நான் கேட்டது அழுகையும் சிரிப்பும்தான்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் விழுந்தது 2024 மே மாதம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இப்போதுதான் கை வந்தது. அந்த மே 7ஆம் தேதி ஆப்பிள் புது ஐபேட் ப்ரோவை அறிவித்தது. பியானோ, ட்ரம்பெட், கிட்டார், பெயின்ட் டப்பா, கேமரா எல்லாவற்றையும் பெரிய ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து நசுக்கி, கடைசியில் ஒல்லியாக ஓர் ஐபேடைக் காட்டும் விளம்பரம் வந்ததே, ஞாபகம் இருக்கும். கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். ஜப்பானிலிருந்து வந்த கண்டனம் தனிச் செய்தியானது. இரண்டே நாளில் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் எண்ணத்தையும் கைவிட்டது. புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் கோபம் எனக்கும் வந்தது. நீங்களும் அதை விரிவாகப் பேசினீர்கள். விலையையும் விடவில்லை: 11 அங்குலம் அப்போது 99,900 ரூபாயில் தொடங்கியது, 13 அங்குலம் 1,29,900. 13 அங்குலத்தின் தடிமன் 5.1 மில்லிமீட்டர், ஓ.எல்.இ.டி. திரை, எம்4 சிப். எல்லாம் சரி.

அடுத்த வாரமே, மே 15ஆம் தேதி, அதே நிறுவனம் இன்னொன்றை அறிவித்தது. ஐபேடையும் ஐபோனையும் கண்ணசைவாலேயே இயக்கலாம் என்று. முன்பக்கக் கேமரா போதும், வேறு எதையும் வாங்கி மாட்ட வேண்டாம். திரையில் வரும் புள்ளிகளைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தால் கருவி நம் பார்வைக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் ஓர் இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தால் அதைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். அந்த செப்டம்பரில் ஐபேட் ஓ.எஸ். 18 மென்பொருளுடன் அது வந்தும்விட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். கண்ணசைவுக் கருவியைத் தனியாக வாங்கப் போனால் பெரும் செலவு. அதைச் செய்யும் வசதி அமைப்புகளுக்குள் ஒரு பொத்தானாக வந்திருக்கிறது. நான் பார்த்த தமிழ் விமர்சனங்கள் ஒன்றில்கூட இது ஒரு வரியாகவும் வரவில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. முதல் ஐபேடுக்கும் இதே கதைதான். 2010 ஜனவரி 27, சான் பிரான்சிஸ்கோ. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் வைத்து அதைக் காட்டினார். 9.7 அங்குலத் திரை, 680 கிராம் எடை, 10 மணி நேரம் நிற்கும் சார்ஜ், 499 டாலரில் தொடங்கும் விலை. அன்று வந்த பேச்செல்லாம் என்ன? பெரிசாக்கின ஐபாட் டச், அதாவது ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவியைப் பெரிசாக்கினது. கேமரா இல்லை, யு.எஸ்.பி. இல்லை, இணையத்து வீடியோவுக்கான ஃபிளாஷ் மென்பொருள் ஓடாது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யாது. 'பேட்' என்ற பெயரை நாப்கினோடு சேர்த்து ஊரெல்லாம் கேலி. படிப்பதற்கு நல்ல கருவிதான், ஆனால் மைக்ரோசாஃப்ட் செய்திருக்கலாமே என்று எண்ணவைக்கும்படி அதில் எதுவும் இல்லை என்ற பொருளில் பில் கேட்ஸ் சொன்னார். சொன்ன குறைகள் எல்லாம் உண்மைக் குறைகள்தான். லேப்டாப் பக்கத்தில் வைத்தால் அது அரைகுறை. போன் பக்கத்தில் வைத்தால் சட்டைப் பைக்குள் போகாது. ஏப்ரல் 3ஆம் தேதி விற்பனைக்கு வந்த முதல் நாளே 3 லட்சம் விற்றது வேறு விஷயம்.

பேச முடியாத பிள்ளை இருக்கும் வீடுகள் அந்த அறிவிப்பை எப்படிப் பார்த்தன என்று சொல்கிறேன். அதுவரை பேச உதவும் கருவி என்றால் தனியாக ஒரு கனத்த பெட்டி. அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர் விலை. நம் ஊரில் பெயர் கேள்விப்பட்டதோடு சரி. 2009இல் புரோலோகுவோ2கோ என்ற செயலி ஐபோனுக்கும் ஐபாட் டச்சுக்கும் வந்தது, 200 டாலருக்குள். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லைக் கருவி பேசும். ஆனால் மூன்றரை அங்குலத் திரையில், அதற்குள் பத்துப் பன்னிரண்டு கட்டங்களில், கை நடுங்குகிற பிள்ளை எதைத் தொடும்? ஒன்றைத் தொடப் போனால் பக்கத்துக் கட்டம் பேசும். பெரிசாக்கின ஐபாட் டச் என்று சொல்லிச் சிரித்தார்களே, இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்ததே அந்தப் பெரிசுதான்.

நம் சென்னையிலும் இதே நேரத்தில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், ஆவாஸ் என்ற பேச்சுக் கருவியை இந்தியப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார். 2011இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ பத்திரிகை தன் 35 இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. ஆவாஸ் முதலில் தனிக் கருவியாக வந்தது. டேப்லெட் பரவிய பிறகு செயலியாக மாறியது, இப்போது தமிழும் அதில் உண்டு. டேப்லெட் என்ற பொருள் இல்லாமல் இருந்தால் இந்த மாற்றம் நடந்திருக்காது. தனிக் கருவி செய்து விற்பது எவ்வளவு செலவு பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது ஒரு அட்டை. காலண்டர் அட்டையில் 24 படம் ஒட்டி, மேலே செல்லோடேப் போட்டது. தண்ணீர், சோறு, பாத்ரூம், வலி, அப்பா, அம்மா, வெளியே போகணும், போதும். அவன் முட்டியை எந்தப் படத்தின்மேல் வைக்கிறானோ அதை நான் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பேன். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான். அந்த அட்டையில் குறை ஒன்றும் சொல்ல மாட்டேன், பல வருஷம் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது பேசும். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டால் அவன் ஊமைதான்.

2012இல் என் தம்பி ஷார்ஜாவிலிருந்து வரும்போது, தான் வைத்திருந்த ஐபேடைக் கொண்டுவந்து கொடுத்தான். படமும் குரலும் நாமே ஏற்றிக்கொள்ளும் ஒரு எளிய செயலி அதில் போட்டோம். குரல் யாருடையது என்று ஒரு பேச்சு வந்தது. நான் பதிகிறேன் என்றேன். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா தடுத்துவிட்டார்: "ஒன்பது வயசுப் பையன் உங்க குரல்ல பேசுவானா? அவன் வயசுப் பையன் யாரையாவது கூப்பிடுங்க." பக்கத்து வீட்டுப் பையன் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசிக் கொடுத்தான். அவனுக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை. அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து "அம்மா" என்று குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்திருக்கிறான் என்று நினைத்து, "இருடா, வர்றேன்" என்றேன். மறுபடியும் "அம்மா". கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். கூடத்தில் என் மகன் மட்டும்தான் இருந்தான்.

கடுகு கருகிப் போனது. அன்று முழுக்க அந்த ஒரு கட்டத்தையே அழுத்திக்கொண்டிருந்தான். அம்மா, அம்மா, அம்மா. சாயங்காலம் தலைவலி தாங்காமல், "கொஞ்சம் சும்மா இரேன்டா" என்று அதட்டிவிட்டேன். என் மாமியார் உள்ளே இருந்து சொன்னார்: "விடு, ஒன்பது வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு."

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஐபேடில் ஒரே ஒரு ஸ்பீக்கர். கேமரா கிடையாது. 2010இல் நீங்கள் விமர்சனம் செய்திருந்தால் இரண்டையும் குறையாகத்தான் சொல்லியிருப்பீர்கள், சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் அடுப்படிவரை அந்த ஒற்றை ஸ்பீக்கரின் சத்தம் வருமா என்பதுதான் என் வீட்டுக்கு வேண்டிய விமர்சனம். அதை அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை.

மாணவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த ஆகாஷ் டேப்லெட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்றார்கள். 7 அங்குலம், 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்.பி. நினைவகம், அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகைத் திரை. நாடே சிரித்தது. சிரித்த அதே நாட்டில் முன்பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் 14 லட்சம் பேர் பதிந்துவிட்டார்கள். அந்தக் கருவி மெதுவானது, சார்ஜ் நிற்காது என்ற புகார்கள் எல்லாம் நியாயமானவை. அந்தத் திட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தத் திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய டேப்லெட் திரைகள் தோலோ மின்சாரம் கடத்தும் பொருளோ பட்டால்தான் உணரும். சாதாரணக் குச்சியை வாயில் கவ்வியோ, தலையில் கட்டியோ தொடுகிறவர்களுக்கு அது வேலை செய்யாது, அதற்கென்று தனி முனை வாங்க வேண்டும். எச்சில் ஒரு சொட்டு விழுந்தாலோ திரைக்குப் பித்துப் பிடித்துவிடும், கேட்காததையெல்லாம் பேசும். அழுத்தும் திரைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எல்லாரும் கேலி செய்த ஒரு பாகம், சிலருக்கு வேறு எதைவிடவும் பொருந்தக்கூடியதாக இருந்தது. அடுத்த ஆண்டு ஆகாஷ் 2 வந்தபோது திரையை மாற்றிவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். இப்படியும் ஒரு பக்கம் உண்டு என்று சொல்ல அன்று ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இதெல்லாம் எங்களைப் போன்ற சில வீடுகளின் கதைதானே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பேசுவது தெருவுக்கு இறங்கி வருகிறது. "டேப்லெட்டா, படம் பார்க்க, கேம் ஆட மட்டும்தான்", "பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நாம் வேலையைப் பார்க்கலாம்", "காசு இருந்தால் லேப்டாப் வாங்குங்க, இது வேஸ்ட்" என்று நூறு வீடியோவில் கேட்ட ஊர், சக்கர நாற்காலியில் டேப்லெட்டோடு ஒரு பையனைப் பார்த்தால் என்ன நினைக்கும்? பேருந்தில் ஒரு பெரியவர் என்னிடம், "அந்த விளையாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா" என்றார். அவன் அப்போது அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லி.

2019இல் ஒரு தேர்வு. அவன் டேப்லெட்டில் பதில் சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எலக்ட்ரானிக் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே பேச்சுக்கு மாற்றான வழிகளையும் சேர்த்திருக்கிறது. தேர்வுகளுக்கான 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளில் இந்த மாதிரி மின்னணுக் கருவிகளை அனுமதிக்க வேண்டும் என்று எழுதியே இருந்தது. அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். அங்கே நின்றவர் கெட்டவர் இல்லை. தாளைப் படித்துப் பார்த்தார். பிறகு என் மகன் மடியில் இருந்ததைப் பார்த்து, "ஆனா இது டேப்தானேம்மா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஊர் சொல்லிக் கொடுத்தது.

அன்று என் பைக்குள் அந்தப் பழைய அட்டை இருந்தது. எப்போதும் வைத்திருப்பேன். 16 வயதுப் பையன், தண்ணீர், சோறு, பாத்ரூம் படம் போட்ட அட்டையைத் திருப்பி, பின்பக்கம் நான் அங்கேயே பேனாவால் எழுதிக் கொடுத்த அ, ஆ வரிசையை வைத்துக்கொண்டு தேர்வு எழுதினான். மூன்று மணி நேரத்தில் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த டேப்லெட் உங்கள் கைக்கு வரும்போது, கேம் ஓட்டிப் பார்ப்பதோடு சேர்த்து இதையும் பாருங்கள். முழுச் சத்தம் வைத்து, தமிழில் ஒரு வாக்கியத்தைப் பேசவிட்டு, கடைத்தெருவில் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். காதில் விழுகிறதா? பேசும் தமிழ் மனுஷக் குரலாக இருக்கிறதா, ஆண் குரல் பெண் குரல் இரண்டும் உண்டா? மதிய வெயிலில் திரை தெரிகிறதா? விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாமா, நடுங்கி இரண்டு முறை பட்டால் ஒரு முறையாக எடுத்துக்கொள்ளுமா? ஐபேடில் இதற்கெல்லாம் அமைப்பு உண்டு. ஆண்ட்ராய்டு கருவிகளில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது, தேடி எடுத்துக் காட்டுங்கள். ஒரே செயலியில் பூட்டி வைக்கும் வசதி ஐபேடில் 2012இலிருந்தும் ஆண்ட்ராய்டில் 2014இலிருந்தும் இருக்கிறது. நான் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது, ஏனென்றால் தமிழில் சொல்ல ஆள் இல்லை. அதுவரை அவன் முட்டி பட்டுச் செயலி மூடிக்கொள்ளும், பேச்சு பாதியில் நின்றுவிடும்.

விலையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் டேப்லெட்டை "பட்ஜெட் கருவி, இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறீர்கள். எங்களைப் போன்ற வீடுகளில் பெரும்பாலும் அதைத்தான் வாங்க முடியும். அதில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று பத்து நிமிஷம் சொன்னால், ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளம் வீணாகாது. எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று நீங்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அப்டேட் நின்று, செயலியும் ஓடாமல் போனால், எங்களுக்கு அது பழைய கருவி ஆகவில்லை, பிள்ளை பேச்சை இழக்கிறான்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்புறம் குரல் உடைந்தது. மீசை வந்தது. என் மகனுக்கும் மீசை வந்தது, ஆனால் டேப்லெட்டில் ஒன்பது வயசுக் குரலே பேசிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதில் ஒரு நாள் அவனே எழுத்து எழுத்தாகத் தட்டிச் சொன்னான்: "குரலை மாத்து. வெக்கமா இருக்கு." அதே பையனைக் கூப்பிட்டுத் திரும்பவும் பதிந்தோம். இப்போது அவன் சொந்தமாக வாக்கியம் தட்டுகிறான், கருவியின் தமிழ்க் குரல் படிக்கிறது. சென்னை அணி தோற்றுவிட்டால் அன்றைக்கு அவனை யாராலும் அடக்க முடியாது.

இந்த மடலை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சத்தம் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொன்னான். டேப்லெட்டை இழுத்துவைத்து, கால் மணி நேரம் தட்டினான். அவன் தட்டியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"கடைத்தெரு போதாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு. நானும் வர்றேன். நான் பேசுறேன், நீங்க தள்ளி நின்னு கேளுங்க."

அன்புடன்,
ஓர் அம்மா
திண்டுக்கல்